பழைய சைக்கிள் ரேஸ் படத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி

சைக்கிள் ரேஸ் படத்துக்கு விமர்சனம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் எழுதுகிறார்கள். அண்ணன் தம்பி பாசம், வீட்டில் ஒரு நோய், பயிற்சி, போட்டி, கடைசியில் கைதட்டல், 'மனதைத் தொடும் படம்', ஐந்துக்கு மூன்று. அந்த விமர்சனத்திலிருந்து சைக்கிளை எடுத்துவிட்டு கபடியையோ குத்துச்சண்டையையோ வைத்துப் பாருங்கள், ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. எனக்கு இதுதான் ஆதங்கம். சாலையில் நடக்கும் சைக்கிள் ரேஸில் முக்கியமான எதிராளி கண்ணுக்கே தெரியாத ஆள், காற்று. ஒரு படம் அந்தக் காற்றை நமக்குக் காட்டியதா, எப்படிக் காட்டியது, கதையில் வரும் மனிதர்களின் சிக்கலோடு அதை எங்கே முடிச்சுப் போட்டது என்று எழுதிவிட்டால் உங்கள் விமர்சனம் வேறு யாருடையதைப் போலவும் இருக்காது.

உதாரணத்துக்கு ஒரு படம் வேண்டுமே. 1985ல் வந்த 'அமெரிக்கன் ஃப்ளையர்ஸ்' படத்தை எடுத்துக்கொள்கிறேன். இயக்கம் ஜான் பாதம், எழுத்து ஸ்டீவ் டெசிச். கெவின் காஸ்ட்னர் பெரிய நட்சத்திரமாகும் முன்பு நடித்த படம். அவர் விளையாட்டு மருத்துவராக இருக்கும் அண்ணன் மார்கஸ், டேவிட் மார்ஷல் கிராண்ட் தம்பி டேவிட். அப்பா மூளை ரத்தக்குழாய் வீங்கி இறந்துபோனவர், அது பிள்ளைகளுக்கும் வரலாம் என்கிற பயம் அந்தக் குடும்பத்தை விட்டு நகரவே இல்லை. இந்த நிலையில் இரண்டு பேரும் கொலராடோ மலைகளில் நடக்கும் 'ஹெல் ஆஃப் தி வெஸ்ட்' என்கிற மூன்று ஸ்டேஜ் (தனித்தனிக் கட்டமாக ஓட்டும் பகுதி) போட்டிக்குப் போகிறார்கள். கதைச் சுருக்கம் இவ்வளவுதான், உங்கள் விமர்சனத்திலும் இதற்கு மேல் வேண்டாம். முக்கால்வாசி விமர்சனத்தைக் கதை சொல்லியே தீர்த்துவிட்டு 'மொத்தத்தில்' என்று முடிப்பதால்தான் படிக்கிறவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குத் தாவுகிறார்கள்.

முதலில் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வீரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு முழம் விட்டு வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ரேஸில் நடக்கிற அத்தனை தந்திரமும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. அதிக பலம் உள்ளவர் முன்னால் போய்க் காற்றை முட்டினால், பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த சாதாரண ஆள் கடைசி 200 மீட்டரில் அவரைத் தாண்டிப் போய்விடலாம். அதனால்தான் ஒரு டீமில் எட்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் ஒருவருக்காகக் காற்றைத் தாங்குகிறார்கள். கூட்டத்தை விட்டுத் தப்பி ஓடும் இரண்டு எதிராளிகள்கூட மாறி மாறி முன்னால் வந்து உதவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் கூட்டம் இரண்டு பேரையும் விழுங்கிவிடும். எல்லைக்கோடு பக்கத்தில் வந்ததும் அதே இரண்டு பேரில் ஒருவர் மற்றவரை ஏமாற்றியாக வேண்டும். நம்பிக்கையும் துரோகமும் இந்த விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது, திரைக்கதை ஆசிரியர் தனியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை.

சென்னையில் இருக்கிறவர்கள் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் ஈசிஆர் பக்கம் போய் நில்லுங்கள். ஹெல்மெட்டும் பின்னால் சிவப்பு விளக்கும் மினுங்க, மாமல்லபுரம் நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். கட்டடங்கள் இருக்கும் வரை எல்லோரும் பேசிக்கொண்டு போவார்கள், முட்டுக்காடு பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்பு எதுவும் இல்லை, பேச்சு அப்படியே நின்றுவிடும். பக்கவாட்டுக் காற்று அடித்தால் நேராக வந்துகொண்டிருந்த வரிசை தானாகவே சரிந்து, ஒருவர் தோளுக்குப் பக்கத்தில் இன்னொருவராகச் சாய்வரிசையாக மாறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் போகும்போது 'நான் இவ்வளவு வேகமாகவா ஓட்டுகிறேன்' என்று சந்தோஷமாக இருக்கும், திரும்பும்போதுதான் எதிர்காற்று கணக்குத் தீர்க்கும். தெரிந்தவர் யாராவது ஓட்டினால் அவரிடம் சொல்லிவிட்டு அவர் பின்சக்கரத்துக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், பிரேக்கில் விரல் இருக்கட்டும். கியர் இல்லாத பழைய சைக்கிள் போதும். காதில் அடித்துக்கொண்டிருந்த காற்றுச் சத்தம் சட்டென்று குறைவதும், ஒரு அடி விலகினால் திரும்ப வந்து அறைவதும் உடம்பில் பதிந்துவிட்டால், அப்புறம் எந்த சைக்கிள் படத்தைப் பார்த்தாலும் பொய் எது, நிஜம் எது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். பின்னால் வருகிறவரின் முன்சக்கரம், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் பக்கவாட்டில் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருகிறவர்தான், ஏனென்றால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாமல் போவது அவருக்குத்தான். படத்தில் விழும் காட்சி வந்தால் யார் விழுகிறார், ஏன் விழுகிறார் என்று பாருங்கள். சும்மா கூட்டத்தில் ஒருவர் திடீரென்று பறந்து விழுந்தால், அது ஸ்டண்ட் மாஸ்டருக்காக வைத்த காட்சி.

அடுத்தது நேரக் கணக்கு. பல நாள் போட்டியில் தினமும் முதலில் வருகிறவர் ஜெயித்தவர் ஆகிவிட மாட்டார், எல்லா ஸ்டேஜின் நேரத்தையும் கூட்டிப் பார்த்துக் குறைவாக இருப்பவர்தான் ஜெயிப்பார். 1989 டூர் டி ஃபிரான்ஸில் மூன்று வாரம் ஓட்டிவிட்டுக் கடைசி நாளில் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், முன்னிலையில் இருந்த பிரான்ஸின் லோரான் ஃபின்யோனைவிட 50 நொடி பின்தங்கியிருந்தார். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனியாக ஓட்டும் ஸ்டேஜ். கைகளை முன்னால் நீட்டிக் காற்றைக் கிழிக்கும் புது வகை ஹேண்டில்பாரோடு அவர் ஓட்டினார், ஃபின்யோன் குதிரைவால் கூந்தல் பறக்க ஓட்டினார். கடைசியில் லெமாண்ட் ஜெயித்தது 8 நொடியில். 'அமெரிக்கன் ஃப்ளையர்ஸ்' கடைசி ஸ்டேஜின் பதற்றமும் இந்த மாதிரிக் கணக்கில்தான் நிற்கிறது: கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, தாண்டிய பிறகு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் பார்க்கிறவருக்கு அந்தக் காட்சி பாதிதான் போய்ச் சேரும். உங்கள் வாசகருக்கு இதை இரண்டே வரியில் சொல்லிவிடுங்கள், அதுவே பெரிய உதவி.

இரண்டு தடவை பாருங்கள்

முதல் தடவை சும்மா பாருங்கள். போனை எடுக்காமல், குறிப்பெழுதாமல், கதைக்காக. எங்கே கண் கலங்கியது, எங்கே அலுத்தது என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும். அதைத் தொலைத்துவிட்டு நுணுக்கம் மட்டும் எழுதுகிற விமர்சனமும் எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது தடவை ரேஸ் காட்சிகளை மட்டும் ஓடவிட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் நான்கு விஷயம்: இந்த இடம் பாதையில் எங்கே வருகிறது, முன்னால் போகிறவருக்கும் கூட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி, இப்போது காற்றைத் தாங்குவது யார், இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது. இந்த நான்காவதுதான் விமர்சகருக்கு உரியது. ஏனென்றால் சைக்கிள் ரேஸ் எடுப்பதில் இயக்குநருக்கு இருக்கும் பெரிய தலைவலியே அதுதான். 'சார்பட்டா பரம்பரை'யில் வளையத்துக்குள் இரண்டு பேர், சுற்றி ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. யார் அடித்தார், யார் தடுமாறினார், எந்த ரவுண்டு என்று ஒரே பார்வையில் தெரியும், டான்ஸிங் ரோஸ் காலை மாற்றி வைப்பதைக்கூட நாம் ரசிக்கலாம். சாலை ரேஸில் ஆடுகளமே 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். வழியில் நிற்கிற ரசிகருக்குக் கிடைப்பது சில நொடி. அப்படியிருக்க, யார் எங்கே இருக்கிறார் என்பதைப் படம் எப்படிச் சொல்கிறது?

வழிகள் சில உண்டு. வர்ணனையாளர் குரல் எளிதானது, ஆனால் அதை மட்டுமே நம்பினால் வானொலி நாடகம் ஆகிவிடும். நிஜப் போட்டிகளில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கரும்பலகையில் சாக்பீஸால் இடைவெளியை எழுதித் தூக்கிக் காட்டுவார். காதில் ரேடியோ வராத காலத்தில் வீரர்களுக்கு அதுதான் செய்தித்தாள். சில படங்கள் இதை அழகாகப் பயன்படுத்தும். சில படங்கள் மேலிருந்து ஒரே ஒரு ஷாட் வைத்து, வளைந்து ஏறும் மலைப்பாதையில் மேல் வளைவில் ஒருவர், கீழ் வளைவில் கூட்டம் என்று ஒரு வார்த்தை இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 'அமெரிக்கன் ஃப்ளையர்ஸ்' பலமாக நிற்பது இங்கேதான். கொலராடோவில் சிவந்த பாறைகளுக்கு நடுவே வளைந்து போகும் பாதை ஒன்று வருகிறது, அது கொலராடோ நேஷனல் மான்யுமென்ட் பகுதி, கொலராடோவில் நிஜமாகவே நடந்த கூர்ஸ் கிளாசிக் என்ற பல நாள் போட்டியில் 'டூர் ஆஃப் தி மூன்' என்று பெயர் பெற்ற ஸ்டேஜ் நடந்த இடம். அந்தப் பாறைகளையும் பள்ளத்தாக்கையும் வைத்தே ஏற்றம், இறக்கம், தூரம் எல்லாம் நமக்குப் புரிகிறது.

கால்களைப் பாருங்கள். முகம் நடிக்கும், கால் நடிக்காது. பழகிய வீரரின் பெடல் நிமிடத்துக்கு 80, 90 சுற்று என்று வழுக்கிக்கொண்டு போகும், இடுப்பும் தோளும் ஆடாது. பழகாதவர் பெரிய கியரில் மிதித்து மிதித்துத் தள்ளுவார், உடம்பு இரண்டு பக்கமும் ஆடும். முகத்தைக் காட்டும்போது ஒரு வேகம், தூரத்து ஷாட்டில் வேறு வேகம் என்றால் அங்கே டூப் வந்துவிட்டார் என்று அர்த்தம். அது குற்றமே இல்லை, எல்லாப் படத்திலும் உண்டு. அந்த ஒட்டு தெரியாமல் எடிட்டர் எப்படி மறைத்தார், எங்கே மறைக்க முடியாமல் போனது என்று எழுதினால் படிக்கிறவருக்கும் ஒரு புதுக் கண் கிடைக்கும்.

சத்தத்தையும் தனியாகக் கேளுங்கள், முடிந்தால் ஹெட்போனில். மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்திலிருந்து வரும் கிர்ர்ர் என்ற சத்தம், கூட்டமாகப் போகும்போது டயர்கள் எழுப்பும் ரீங்காரம், ஏற்றத்தில் மூச்சு. எண்பதுகளின் படங்களில் இதையெல்லாம் சின்தசைசர் இசை மூடிவிடுவது வழக்கம். எனக்குக் குறையாகவே படுகிறது, மலை ஏறும்போது இசை இல்லாமல் மூச்சு மட்டும் கேட்டிருந்தால் அந்தக் காட்சி இரண்டு மடங்கு கனத்திருக்கும். ஆனால் அந்த இசையைக் கேலி செய்து கைதட்டல் வாங்குவது வேண்டாம். அந்தக் காலத்து ரசிகருக்கு அது புதுமை.

அந்தக் காலத்தை அந்தக் கணக்கில் பாருங்கள்

பழைய படத்தை இன்றைய சாமான்களோடு ஒப்பிட்டு 'ஹெல்மெட்கூடப் போடவில்லையே' என்று எழுதுகிறவர்கள் உண்டு. தொழில்முறைப் போட்டிகளில் ஹெல்மெட் கட்டாயமானதே 2003ல், பாரிஸ்–நீஸ் போட்டியில் ஆந்த்ரே கிவிலெவ் விழுந்து இறந்த பிறகுதான். எண்பதுகளில் பலர் வெறும் தொப்பி, சிலர் தோல் பட்டைகளைக் குறுக்கே தைத்த ஒரு கவசம். பெடலில் காலைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டுவார்கள், நிறுத்த வேண்டுமானால் முதலில் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். ஷூவைக் கிளிக்கென்று மாட்டும் பெடல் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது, பிரான்ஸின் பெர்னார்ட் ஹினோ 1985 டூர் டி ஃபிரான்ஸை அந்தப் பெடலில்தான் ஜெயித்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கியர். இன்று பிரேக் பிடியிலேயே கியர் இருக்கிறது, அது 1990 வாக்கில் வந்தது. அதற்கு முன்பு கியர் மாற்றும் சின்ன நெம்புகோல் பிரேமின் கீழ்க்குழாயில் இருக்கும். மாற்ற வேண்டுமானால் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் ஓட்டுகிற அனுபவசாலி இதற்காகவே காத்திருப்பார்: எதிராளியின் கை கீழே போகிறது, அப்படியென்றால் இப்போது பாயப் போகிறார். அந்தக் கை இறங்குவதற்கும் அவர் பெடலில் எழுந்து நிற்பதற்கும் நடுவில் இருக்கும் ஒரு நொடியில் பக்கத்து ஆளின் முகம் மாறும். பழைய படத்தில் மட்டுமே கிடைக்கும் காட்சி இது, புதுப் படத்தில் விரல் அசைவது யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நொடியை இயக்குநர் பார்த்தாரா, கேமரா அங்கே இருந்ததா என்று கட்டாயம் எழுதுங்கள்.

கதையைச் சுற்றியிருந்த உலகமும் முக்கியம். படத்தில் ஒரு ரஷ்ய வீரர் வருகிறார். பனிப்போர்க் காலத்து வில்லன் என்று ஒரே வரியில் தள்ளிவிடத் தோன்றும், ஆனால் அதற்குப் பின்னால் நிஜம் இருக்கிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸை அமெரிக்கா புறக்கணித்தது. அங்கே சாலை ரேஸில் தங்கம் வாங்கிய செர்கேய் சுகொருச்சென்கோவ் மறு வருஷமே சோவியத் அணியோடு கொலராடோவுக்கு வந்தார், 1981 கூர்ஸ் கிளாசிக்கில் அந்த அணியை அப்போது இளைஞராக இருந்த அதே லெமாண்ட் ஜெயித்தார். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸை சோவியத் யூனியன் புறக்கணித்தது. அங்கே ஆண்கள் சாலை ரேஸில் தங்கம் வாங்கியவர் அலெக்ஸி கிரீவல், கொலராடோக்காரர், அவருடைய அப்பா பஞ்சாபிலிருந்து போனவர். இதை நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதெல்லாம் நடந்து முடிந்த சூட்டில் வந்த படம் இது. கூர்ஸ் கிளாசிக் 1975ல் ஒரு மூலிகைத் தேநீர்க் கம்பெனி தொடங்கிய போட்டி, பிறகு பீர் கம்பெனியின் பெயருக்கு மாறி 1988 வரை நடந்தது. படக்குழு அந்தப் போட்டி நடக்கும் இடத்திலேயே போய்ப் படம் பிடித்தது, அதனால்தான் கூட்டக் காட்சிகளில் ஒரு நிஜத்தன்மை இருக்கிறது.

தெரிந்திருந்தால் மட்டும் பிடிபடும் சின்னச் சின்ன மரியாதைகளும் இந்தப் படத்தில் உண்டு. வில்லன் போல வரும் வீரருக்கு 'கேனிபல்' (மனிதரைத் தின்பவர்) என்று பட்டப்பெயர். அது நிஜத்தில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸுக்குக் கொடுத்த பெயர், டூர் டி ஃபிரான்ஸை ஐந்து தடவை ஜெயித்தவர், எதிரே இருப்பவருக்கு எதையும் மிச்சம் வைக்காதவர். அதே மெர்க்ஸ் இந்தப் படத்தில் ஒரு காட்சியில் அவராகவே வந்து போகிறார். இப்படி ஒன்றிரண்டைச் சொல்லுங்கள், பட்டியல் போட வேண்டாம்.

காலத்தைப் புரிந்துகொள்வது என்றால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது என்று அர்த்தம் இல்லை. இந்தப் படத்தில் ரே டான் சோங், அலெக்ஸாண்ட்ரா பால் இருவரும் நன்றாகத்தான் நடிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வண்டியில் பின்தொடர்வது, தண்ணீர் கொடுப்பது, கவலைப்படுவது. 'அந்தக் காலம் அப்படித்தான்' என்று விட்டுவிடலாமா? விட முடியாது, ஏனென்றால் அந்தக் காலமே அப்படி இல்லை. ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கான சாலை ரேஸ் முதல் தடவையாக நடந்தது 1984லேயே, அமெரிக்காவின் கானி கார்பென்டர் தன் நாட்டுக்காரரான ரெபெக்கா ட்விக்கை எல்லைக்கோட்டில் அரைச் சக்கர அளவில் தாண்டி ஜெயித்தார். கூர்ஸ் கிளாசிக்கிலும் பெண்களுக்குப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அதாவது கேமரா நின்ற அதே ஊரில் பெண்கள் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், படம் அவர்களைப் பார்க்கவில்லை. ஒரு பழைய படத்தைக் குறை சொல்ல இதுதான் நியாயமான வழி: இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு போகாமல், அன்றைக்கே கண்ணெதிரே இருந்ததை அது பார்த்ததா என்று கேளுங்கள்.

குடும்பக் கதையை எங்கே வைப்பது

நோய், மரண பயம், அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாத மகன் என்று வந்தால் நம் ஊர் ரசிகர்களுக்குப் பழக்கமான நிலம். எண்பதுகளின் தமிழ்ப் படங்களில் பார்க்காத நோயா? அதனால் 'சென்டிமென்ட் அதிகம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். கொஞ்சம் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த நோய் ரேஸுக்கு வெளியே நிற்கிறதா, உள்ளே வருகிறதா? நோய் ஒரு பக்கம், போட்டி ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஓடினால் அது இரண்டு படம். இந்தப் படத்தில் அது உள்ளே வருகிறது. தன் உடம்பை நம்ப முடியுமா என்று சந்தேகப்படுகிறவர், உடம்பைத் தவிர வேறு எதுவும் கைகொடுக்காத ஒரு விளையாட்டில் இருக்கிறார். மலை இறக்கத்தில் மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தலைக்குள் ஏதாவது நடந்தால் என்ன ஆகும் என்ற பயத்தை வசனம் இல்லாமலேயே நமக்குக் கடத்த முடியும். அண்ணன் தம்பிக்காகக் காற்றைத் தாங்குவது பாசத்தைச் சொல்லும் வசனத்தைவிட வலுவானது. படம் சில இடங்களில் இதை நம்பாமல் பேச ஆரம்பித்துவிடுகிறது, அங்கெல்லாம் நான் சலிப்படைந்தேன்.

நோயில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதை நான் இங்கே சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். நாற்பது வருஷப் பழைய படத்துக்கு என்ன ரகசியம் என்று கேட்பார்கள். உங்கள் வாசகர் அதை இன்று இரவுதான் பார்க்கப் போகிறார், அவருக்கு அது புதுப் படம். முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் தனியாகக் கடைசியில், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

எதோடு ஒப்பிடுவது

ஒப்பிடாமல் எழுதினால் விமர்சனம் அந்தரத்தில் நிற்கும். இதே ஸ்டீவ் டெசிச் எழுதி, பீட்டர் யேட்ஸ் இயக்கி 1979ல் வந்த 'பிரேக்கிங் அவே'தான் சரியான ஜோடி. டெசிச்சுக்கு அது ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அவர் யூகோஸ்லாவியாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா போனவர், இண்டியானா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அங்கே நடக்கும் 'லிட்டில் 500' போட்டியில் 1962ல் ஜெயித்த அணியில் இருந்தவர். சாலை ரேஸின் ஏக்கம் முழுக்க இருந்தாலும் அந்தப் படத்தின் கடைசிப் போட்டி மைதானத் தடத்தில் 200 சுற்று ஓடுவது, அதைச் சாலை ரேஸ் என்று எழுதிவிடாதீர்கள். அதில் ஒரு காட்சி, லாரிக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் பையன் ஓட்டுகிறான், டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல்களால் வேகத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார், நாற்பது மைல், ஐம்பது, அறுபது. காற்றின் மறைவு என்றால் என்ன என்று ஒரு பாடமும் எடுக்காமல் புரிய வைத்துவிடுகிறது. நான் பார்த்த வரையில் காற்றை இதைவிட நன்றாகக் காட்டிய காட்சி கிடையாது. 'அமெரிக்கன் ஃப்ளையர்ஸ்' ரேஸை அதைவிட விரிவாகக் காட்டுகிறது, ஆனால் மனிதர்களை 'பிரேக்கிங் அவே' அளவுக்கு நெருங்கவில்லை. என் கணக்கில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கிளை உண்டு. 1992ல் மன்சூர் கான் இயக்கத்தில் ஆமிர் கான் நடித்து வந்த 'ஜோ ஜீத்தா வோஹி சிக்கந்தர்' படத்தின் உச்சக்காட்சி சைக்கிள் ரேஸ், அதில் 'பிரேக்கிங் அவே'யின் சாயலைப் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையின் தாக்கத்தில் தெலுங்கில் 1999ல் 'தம்முடு' வந்தது, அதன் தமிழ் வடிவம்தான் 2001ல் விஜய் நடித்த 'பத்ரி'. அங்கே வந்து சேரும்போது சைக்கிள் போய் கிக் பாக்ஸிங் ஆகிவிட்டது. அண்ணன் அடிபடுகிறான், பொறுப்பில்லாத தம்பி அண்ணனுக்காகக் களம் இறங்குகிறான், எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் வளையத்துக்குள் எத்தனை அடி வாங்கினாலும் மன உறுதியால் எழுந்து நின்று ஜெயித்துவிடலாம், நம் சினிமாவுக்கு அது தோதான விளையாட்டு. சாலையில் மன உறுதி மட்டும் இருப்பவர் முன்னால் போய்க் காற்றை முட்டி முட்டிக் களைத்து, கடைசியில் நாலாவதாக வருவார். எப்போது ஒட்டிக்கொள்வது, எப்போது விலகுவது, யாரை நம்புவது என்று அவர் யோசிக்க வேண்டும். நீங்கள் எழுதப் போகும் படத்திலும் சைக்கிளை எடுத்துவிட்டு வேறு விளையாட்டை வைத்துப் பாருங்கள். கதை ஆடாமல் நின்றால், அந்தப் படத்துக்கு சைக்கிள் ஒரு அலங்காரம் மட்டும்தான். இதை உங்கள் விமர்சனத்தில் தைரியமாகச் சொல்லலாம்.

எழுதும்போது

முதல் பத்தியில் இயக்குநர், இசை, ஒளிப்பதிவு என்று பெயர்ப்பட்டியல் போடாதீர்கள். ரேஸில் உங்களை நிமிர்ந்து உட்கார வைத்த ஒரு காட்சியில் தொடங்குங்கள். 'போட்டிக் காட்சிகள் விறுவிறுப்பாகப் படமாக்கப்பட்டுள்ளன' என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் எதுவும் ஓடாது. 'ஏற்றத்தில் ஐந்து பேர் இருந்த கூட்டம் மூன்றாகிறது, வெட்டே இல்லாமல் கேமரா அவர்களோடு போகிறது, நான்காவது ஆள் ஒரு சக்கர அளவு பின்தங்குவதும், அதை அவரே உணர்ந்து தலையைத் தொங்கப்போடுவதும் ஒரே ஷாட்டில் தெரிகிறது' என்று எழுதினால் படம் பார்க்காதவருக்கும் தெரியும். உங்கள் படத்தில் இருக்கிற காட்சியை, இருக்கிறபடி எழுதுங்கள். நோட்டில் குறித்த நேரம் இங்கேதான் உதவும், எழுதுவதற்கு முன் அந்த இடத்தைத் திரும்பவும் ஓடவிட்டுப் பாருங்கள். ஞாபகம் காட்சிகளை மாற்றி வைத்துவிடும்.

கலைச்சொற்களைப் பயந்து ஒதுக்கவும் வேண்டாம், அள்ளித் தெளிக்கவும் வேண்டாம். பெலோட்டான் (வீரர்களின் பெருங்கூட்டம்), டிராஃப்ட் (முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஓட்டுவது), பிரேக்அவே (கூட்டத்தை விட்டுத் தப்பி ஓடுவது) போன்றவற்றை முதல் தடவை வரும்போது ஒரு காட்சியோடு சேர்த்துச் சொன்னால் போதும், 'முன்னால் போனவரின் காற்று மறைவில் டிராஃப்ட் செய்து வந்தவர்' என்று. அடுத்த தடவை வாசகருக்கே புரிந்துவிடும். ஹினோ, ஃபின்யோன் போன்ற பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலம் படிக்கிற மாதிரி எழுதாமல், அந்த ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.

மார்க் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். விகடனில் மார்க் பார்த்துப் படத்துக்குப் போன வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம், அதனால் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். போடுவதானால் ஒரே எண்ணாகப் போடாமல் ரேஸுக்கு ஒன்று, கதைக்கு ஒன்று என்று போடுங்கள். பழைய விளையாட்டுப் படங்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே உயரத்தில் இருக்காது. நான் 'அமெரிக்கன் ஃப்ளையர்ஸ்' ரேஸுக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன், கதைக்கு ஐந்து.

எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் ஈசிஆரில் தினமும் ஓட்டுகிறவராக இருக்கட்டும், தப்பு இருந்தால் உடனே பிடித்துவிடுவார். இன்னொருவர் சின்ன வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டதோடு சரி என்கிறவர். அவர் எந்த வரியில் திரும்பப் போய்ப் படிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து, அந்த வரியை மட்டும் மாற்றி எழுதிவிட்டு வெளியிடுங்கள்.